இருட்டு மேகமா, ஓட்டையா? அகச்சிவப்பில் விண்மீனிடை மேகங்களை ஆராய ஒரு முழு வழிகாட்டி

ஜூலை மாதத்தில் தெருவிளக்கு எட்டாத வயல்வெளி ஒன்றில் இரவு பத்து மணிக்குத் தெற்கே நிமிர்ந்து பாருங்கள். விருச்சிகத்தின் வாலைத் தொட்டுக்கொண்டு தனுசு வழியாகப் பால்வழி ஓடும். அதன் நடுவே கரி பூசியதுபோல் திட்டுத்திட்டாக இருட்டு தெரியும். வில்லியம் ஹெர்ஷல் பதினெட்டாம் நூற்றாண்டில் இப்படி ஒரு திட்டைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, வானத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றே நினைத்தார். பின்னால் வந்த எட்வர்ட் எமர்சன் பர்னார்ட் வருடக்கணக்கில் புகைப்படம் எடுத்து, 1919-இல் 182 இருண்ட திட்டுகளைப் பட்டியலிட்டார். அவருக்கும் நெடுநாள் சந்தேகம் இருந்தது. கடைசியில் அவை ஓட்டைகள் அல்ல, பின்னாலிருக்கும் விண்மீன்களை மறைத்து நிற்கும் தூசு மேகங்கள் என்று முடிவானது.

கதை அங்கே நிற்கவில்லை. ஓரியனில் என்ஜிசி 1999 என்ற ஒளிரும் முகில் இருக்கிறது. அதன் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. அடர்ந்த தூசுருண்டை என்றுதான் எல்லோரும் எழுதிவந்தார்கள். அடர்ந்த தூசென்றால் தொலை அகச்சிவப்பில், அதாவது கண்ணுக்குத் தெரியாத நீண்ட அலைநீள ஒளியில், அது பளிச்சென்று தெரிய வேண்டும். 2010-இல் ஒரு விண்வெளித் தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பியது, அங்கேயும் கறுப்புதான். தரையிலிருந்த தொலைநோக்கிகளை வைத்தும் சரிபார்த்தார்கள். அது மேகமே இல்லை, நிஜமாகவே வெற்றிடம். அந்த விண்வெளித் தொலைநோக்கியின் பெயர் ஹெர்ஷல். பெரியவர் சொன்னது ஓரிடத்திலாவது பலித்துவிட்டது!

நீங்கள் எந்த இருண்ட மேகத்தை எடுத்தாலும் இதே கேள்விதான் முதலில் வந்து நிற்கும்: இருட்டாகத் தெரிவது ஏதோ இருப்பதாலா, எதுவும் இல்லாததாலா? இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்கு ஒரு சோதனைதான். தேவையானவை ஒரு மடிக்கணினி, இணையம், பிளஸ் டூ இயற்பியல், ஒரு நோட்டு. தொலைநோக்கி வாங்க வேண்டாம். கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படங்கள் எல்லாம் பொதுக் காப்பகங்களில் இலவசமாகக் கிடக்கின்றன.

படி 1: எந்த அலைநீளம் எதைக் காட்டும்?

ஒரு விண்மீனிடை மேகத்தில் எடைக்கணக்கில் ஏறக்குறைய 99 பங்கு வாயு, 1 பங்கு தூசு. வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறு. குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு கிட்டத்தட்ட ஊமை, நாம் பிடிக்கிற மாதிரி எந்த ஒளியையும் விடாது. ஆகவே அந்த ஒரு பங்கு தூசை அளந்துதான் மீதி 99 பங்கையும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே உவமையே இல்லை, வேலை செய்யும் முறையே அதுதான்.

தூசு இரண்டு காரியம் செய்யும். பின்னாலிருந்து வரும் ஒளியை மறைக்கும். தன் சூட்டுக்கேற்ப தானும் ஒளிரும். எந்த அலைநீளத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இவற்றில் ஒன்று மேலோங்கும்.

1 முதல் 2.5 மைக்ரான் வரையிலான அண்மை அகச்சிவப்பில் மேகம் பாதி திறந்துவிடும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 2.2 மைக்ரானில் மறைப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இருப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான். பின்னாலிருக்கும் விண்மீன்கள் சிவந்து எட்டிப்பார்க்கும். எந்த அளவுக்குச் சிவந்திருக்கிறதோ அந்த அளவுக்கு நடுவே தூசு. பர்னார்ட் 68 என்ற சின்ன மேகத்தை அல்வெஸ், லாடா, லாடா மூவரும் 2001-இல் இப்படித்தான் விண்மீன் விண்மீனாக எண்ணி, அதன் உள்ளமைப்பை விளிம்பிலிருந்து மையம் வரை வரைந்து காட்டினார்கள்.

8 மைக்ரானுக்கு வந்தால் காட்சியே மாறும். இங்கே பால்வழியின் தட்டு முழுவதும் ஒரு மங்கலான திரைபோல் ஒளிர்கிறது. பல வளைய ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகள்தான் காரணம். விறகடுப்புப் புகையிலும் கருகிய இறைச்சியிலும் இருக்கும் அதே இனம். விண்மீன்களின் புறஊதா ஒளியை விழுங்கி 7.7, 8.6 மைக்ரானில் திருப்பி விடுகின்றன. அந்தத் திரைக்கு முன்னால் அடர்ந்த, குளிர்ந்த மேகம் வந்து நின்றால் நிழலாகத் தெரியும். இவற்றை அகச்சிவப்பு இருண்ட மேகங்கள் என்கிறோம். 1990-களின் பின்பாதியில் ஐரோப்பாவின் ஐஎஸ்ஓ செயற்கைக்கோளும் அமெரிக்க ராணுவத்தின் எம்எஸ்எக்ஸ் செயற்கைக்கோளும்தான் இவற்றைக் காட்டிக்கொடுத்தன. ஏவுகணை தேடப் போன செயற்கைக்கோள் விண்மீன்களின் கருவறையைக் கண்டுபிடித்துத் தந்தது.

24 மைக்ரானில் சூடான தூசு தெரியும். இருண்ட மேகத்துக்குள் ஒரு புள்ளி பளிச்சிட்டால் அங்கே விண்மீன் ஒன்று உருவாகத் தொடங்கிவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம்.

160-லிருந்து 500 மைக்ரான் வரை மேகம் தானே ஒளிரும் பகுதி. 2898-ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் ஒளி உச்சம் தொடும் அலைநீளம் மைக்ரானில் கிடைக்கும். நம் உடம்புக்கு 9 மைக்ரான். 20 கெல்வினில் கிடக்கும் தூசுக்கு 145, 10 கெல்வினுக்கு 290. அதாவது 8 மைக்ரானில் நிழலாக நின்றவன் 250 மைக்ரானில் விளக்காக மாறுவான். நிழல் விளக்காக மாறவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். என்ஜிசி 1999-இல் நடந்தது அதுதான்.

இவற்றை ஏன் விண்வெளியிலிருந்தே பார்க்கிறோம் என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். காற்றிலுள்ள நீராவி பெரும்பாலான அகச்சிவப்பை விழுங்கிவிடும். அதோடு வளிமண்டலமும் தொலைநோக்கியுமே அகச்சிவப்பில் ஒளிரும். குழலுக்குள் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு விண்மீன் பார்ப்பது மாதிரி. நடுவழி ஒன்று உண்டு, பலூன். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி ஹைதராபாத்திலிருந்து பலூனில் ஏறி, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி விண்மீன் பிறக்கும் மேகங்களைத் தொலை அகச்சிவப்பில் அளந்திருக்கிறது. நம் நாட்டு அகச்சிவப்பு வானியலில் அதிகம் பேசப்படாத அத்தியாயம் இது.

படி 2: முதல் இலக்காகப் பாம்பைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பத்திரிகையில் வந்த மிக அழகான படத்தை எடுத்துக்கொண்டு திணறுவார்கள். அழகான மேகம் பெரும்பாலும் சிக்கலான மேகம். என் பரிந்துரை, ஜி11.11-0.12. பெயரே முகவரி: பால்வழி ஆயக்கோட்டில் நெட்டாங்கு 11.11 பாகை, அகலாங்கு மைனஸ் 0.12 பாகை. தனுசுத் திசையில், சுமார் 3,600 பார்செக் தூரத்தில், அதாவது ஏறக்குறைய 11,700 ஒளியாண்டுகளுக்கு அப்பால் நெளிந்து கிடக்கும் இந்த இழைக்குப் பாம்பு என்றே செல்லப்பெயர். நிழல் தெளிவு, விளிம்பு கூர்மை, எல்லா அலைநீளத்திலும் படம் உண்டு.

இரண்டாவது இலக்கு ஜி0.253+0.016. செங்கல் என்பார்கள். பால்வழியின் மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் நட்சத்திரக் கணக்கில் சொன்னால் மூலத்துக்கும் பூராடத்துக்கும் இடைப்பட்ட வானம். விசித்திர மேகம் என்றால் இதுதான். ஆனால் பாம்பைப் பழகாமல் செங்கலில் கை வைக்காதீர்கள்.

படி 3: படங்களை எடுப்பது

முதலில் அலாதீன் லைட்டைத் திறங்கள். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் தரவு மையம் நடத்துவது. உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆய முறையைப் பால்வழி ஆயத்துக்கு மாற்றிவிட்டு 11.11, -0.12 என்று கொடுங்கள். அப்புறம் அடுக்குகளை மாற்றி மாற்றிப் பாருங்கள்: டூமாஸ் அளவாய்வு, ஸ்பிட்சர், வைஸ், ஹெர்ஷல். எல்லாமே வானத்தை அகச்சிவப்பில் படமெடுத்தவை. ஒரு மணி நேரம் இதிலேயே விளையாடலாம், வீண் இல்லை. கண் பழக வேண்டும்.

பார்ப்பதற்கு அது போதும், அளப்பதற்குப் போதாது. அளக்க ஃபிட்ஸ் கோப்புகள் வேண்டும், வானியலர்கள் அளவுகளை அப்படியே சேமிக்கும் கோப்பு வடிவம் அது. ஸ்பிட்சரின் கிளிம்ஸ் அளவாய்வில் 8 மைக்ரான் படமும், மிப்ஸ்கால் அளவாய்வில் 24 மைக்ரான் படமும் கலிபோர்னியாவிலுள்ள இர்சா காப்பகத்தில் இருக்கின்றன. ஹெர்ஷலின் ஹைகால் அளவாய்வில் 70, 160, 250, 350, 500 மைக்ரான் படங்கள். ஜேம்ஸ் வெப் படங்களுக்கு மாஸ்ட் காப்பகம். திறந்து பார்க்க டிஎஸ்9 என்ற இலவச மென்பொருள். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஆஸ்ட்ரோபை தொகுப்பு.

இங்கே நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் வெளியீட்டுக்காக அலங்கரித்த ஜேபெக் படம் ஒன்றை எடுத்து, அதன் பிக்சல் மதிப்புகளை வைத்து ஒரு வாரம் கணக்குப் போட்டேன். எண்கள் அழகாக வந்தன. ஒன்றுகூட உண்மை இல்லை. வெளியீட்டுப் படங்களில் வெளிச்சத்தைக் கண்ணுக்கு இதமாக வளைத்திருப்பார்கள். பாதிப் பிரகாசம் பாதியாகத் தெரியாது. ஃபிட்ஸ் கோப்பில்தான் ஒவ்வொரு பிக்சலும் ஓர் அளவு, ஒரு ஸ்டெரேடியனுக்கு (வானப் பரப்பின் அலகு) இத்தனை மெகா ஜான்ஸ்கி (வெளிச்சத்தின் அலகு) என்று. தலைப்பகுதியில் அலகு எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் ஒரு கூட்டல்கூடப் போடாதீர்கள்.

படி 4: நிழலா, விளக்கா? முதல் தீர்ப்பு

டிஎஸ்9-இல் 8, 24, 70, 250 மைக்ரான் படங்களை நான்கு சட்டங்களில் வைத்து, வான் ஆயத்தால் ஒன்றோடொன்று பூட்டுங்கள். இப்போது ஒவ்வொரு இருண்ட திட்டிலும் ஒரே கேள்வி.

8-இல் கறுப்பு, 24-இல் கறுப்பு, 70-லும் கறுப்பு அல்லது மங்கல், 250-இல் அதே வடிவத்தில் வெளிச்சம்: மேகம்தான். அதுவும் விண்மீன் பிறக்காத, அல்லது பிறக்கும் தறுவாயிலுள்ள குளிர்ந்த மேகம். பாம்பின் உடல் பெரும்பாலும் இப்படித்தான்.

8-இல் கறுப்பு, 24-இல் நடுவே ஒரு புள்ளி: கரு உருவாகிவிட்டது. பாம்பின் வயிற்றில் இப்படிப் பிரகாசமான புள்ளிகள் உண்டு, சூரியனைவிடப் பல மடங்கு கனமான விண்மீன்களின் கருக்கள்.

8-இல் கறுப்பு, 250-இல் ஒன்றும் இல்லை: நீங்கள் ஏமாந்திருக்கலாம். பின்னணித் திரையே அந்த இடத்தில் மங்கியிருக்கும். இது அரிதானது என்று நினைக்க வேண்டாம். ஸ்பிட்சர் படங்களிலிருந்து பெரெட்டோவும் ஃபுல்லரும் 2009-இல் 11,000-க்கும் மேற்பட்ட இருண்ட மேகங்களைப் பட்டியலிட்டார்கள். பின்னர் ஹெர்ஷல் படங்களோடு ஒப்பிட்டபோது அதில் கணிசமான பகுதிக்குத் தொலை அகச்சிவப்பில் இணை கிடைக்கவில்லை. பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஒன்று மேகமாகிவிடாது.

படி 5: எவ்வளவு தூசு? நிழலை எண்ணாக்குவது

இந்தப் படிதான் வழிகாட்டியின் இதயம். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

8 மைக்ரான் படத்தில் மூன்று எண்கள் தேவை. மேகத்துக்கு வெளியே சுற்றிலும் உள்ள வெளிச்சம் ஒன்று. மேகத்தின் மேல் அளந்த வெளிச்சம் இரண்டு. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்: மேகத்துக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் முன்னணி வெளிச்சம். சூரியக் குடும்பத்தின் தூசும், மேகத்துக்கு இந்தப் பக்கமுள்ள பால்வழியும் சேர்ந்து தருவது. மேகம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இதை மறைக்க முடியாது. மழையில் நனைந்த கண்ணாடி வழியே சுவரைப் பார்ப்பது மாதிரி. சுவர் கறுப்பாக இருந்தாலும் கண்ணாடியின் பளபளப்பு கண்ணில் விழும்.

ஒரு கற்பனைக் கணக்கு. சுற்றுப்புறம் 100, மேகத்தின் மேல் 60, முன்னணி 40 என்று வைத்துக்கொள்வோம். முன்னணியை இரண்டிலிருந்தும் கழியுங்கள்: 60-உம் 20-உம். பின்னணி ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் மேகத்தைத் தாண்டி வந்திருக்கிறது. 3-இன் இயல் மடக்கை 1.1, இதுதான் ஒளியியல் ஆழம், மேகம் ஒளியை எந்த அளவுக்கு மறைக்கிறது என்பதன் அளவு. பெரெட்டோ–ஃபுல்லர் விதிப்படி 8 மைக்ரானில் ஒளியியல் ஆழம் 1 என்றால், பார்வைக்கோட்டில் ஒரு சதுர சென்டிமீட்டர் தூணுக்குள் சுமார் 3×10²² ஹைட்ரஜன் மூலக்கூறுகள். ஆக நம் மேகத்தில் 3.3×10²². இதைத் தூண் அடர்த்தி என்போம்.

இதே கணக்கை முன்னணியைக் கழிக்காமல் போடுங்கள். 100-ஐ 60-ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் 0.51. தூண் அடர்த்தி 1.5×10²². மேகத்தில் பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது! மேகம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மோசமாக இந்தப் பிழை வளரும் என்பதுதான் கொடுமை. நமக்கு மிகவும் வேண்டிய இடத்தில்தான் எண் அதிகம் பொய் சொல்லும்.

சரி, முன்னணியை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குப் பிடித்த வழி தரையைத் தேடுவது. மேகத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு வெளிச்சத்தை வரைபடமாக எடுங்கள். மிக அடர்ந்த இடங்களில் கோடு இறங்கி, ஒரு மட்டத்துக்குக் கீழே போகாமல் தட்டையாக நின்றால், அங்கே பின்னணி முழுவதும் அடைபட்டுவிட்டது. மிஞ்சி நிற்பது முன்னணிதான். அந்தத் தரை மட்டமே உங்கள் மூன்றாவது எண். தரை கிடைக்காத மெல்லிய மேகத்தில் இந்த வழி செல்லாது. அப்போது விடையை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் குறைந்தபட்சம் இவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள்.

சுற்றுப்புறத்தை அளக்கும்போது விண்மீன்களைத் தவிர்க்க வேண்டும். சராசரி எடுக்காதீர்கள், நடுவெண் எடுங்கள். ஒரே ஒரு பிரகாச விண்மீன் சராசரியைக் கெடுத்துவிடும், நடுவெண் அசையாது.

படி 6: எடை போடுவது, அதற்குமுன் தூரம்

தூண் அடர்த்தி தெரிந்தால் எடை வெறும் பெருக்கல். பாம்பின் தூரத்தில் 29 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) ஆரம் கொண்ட ஒரு வட்டம் என்பது அரை பார்செக் ஆரம், அதாவது 1.6 ஒளியாண்டு. மேலே கணக்கிட்ட 3.3×10²² அந்த வட்டம் முழுவதும் பரவியிருக்கிறது என்றால், ஹீலியத்தையும் சேர்த்துக்கொண்டு சுமார் 580 சூரிய எடை வரும். நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்; ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஹைட்ரஜன் அணுவின் எடையைப்போல் 2.8 மடங்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த எண்ணை நம்பலாமா? தூரத்தை நம்பும் அளவுக்குத்தான். எடை தூரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 3,600 பார்செக் என்று நினைத்தது உண்மையில் 3,000 என்றால் 580 சூரியன் 400 ஆகிவிடும்.

தூரத்தைத் தருவது அகச்சிவப்பு அல்ல, ரேடியோ. மேகத்தின் கார்பன் மோனாக்சைடோ அம்மோனியாவோ விடும் ரேடியோ கோட்டிலிருந்து அது நம்மை நோக்கி வரும் அல்லது விலகும் வேகம் கிடைக்கும். பால்வழி சுழலும் விதம் தெரியுமாதலால் வேகத்திலிருந்து தூரத்தை ஊகிக்கலாம். ஆனால் பால்வழியின் உட்பகுதியில் ஒரே வேகத்துக்கு இரண்டு தூரங்கள் பொருந்தும், ஒன்று அருகே, ஒன்று தொலைவில். இங்கே நம் நிழல் கைகொடுக்கிறது: நிழலாகத் தெரிய வேண்டுமானால் பின்னால் நிறைய வெளிச்சம் இருக்க வேண்டும், எனவே பெரும்பாலும் அருகிலுள்ள தூரமே சரி. பெரும்பாலும் என்பதை அடிக்கோடிடுங்கள். செங்கல் இந்த வழக்கத்துக்கு அடங்காது. சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருந்தும், பின்னால் மையப்பகுதியின் வெளிச்சம் அவ்வளவு இருப்பதால் நிழலாகத் தெரிகிறது.

படி 7: வெப்பநிலை

இப்போது நிழலை விட்டுவிட்டு விளக்குக்கு வருவோம். ஹெர்ஷலின் 160, 250, 350, 500 மைக்ரான் அளவுகளை ஒரு வளைகோட்டில் பொருத்தினால் தூசின் வெப்பநிலையும் தூண் அடர்த்தியும் சேர்ந்தே கிடைக்கும். கரும்பொருள் கதிர்வீச்சு வளைகோடுதான், ஆனால் தூசு நீண்ட அலைநீளங்களில் சரியாக ஒளிராது என்பதால் ஒரு திருத்தம் சேர்ப்பார்கள். 70 மைக்ரானைச் சேர்க்காதீர்கள். அதில் சூடான சின்னத் தூசு கலந்துவிடும்.

இரண்டு பொறிகள். ஒன்று, கூர்மை. ஹெர்ஷல் 250 மைக்ரானில் 18 ஆர்க்செகண்ட் வரை பிரித்துப் பார்க்கும். 500-இல் அதன் கூர்மை 36 ஆர்க்செகண்ட்தான். ஸ்பிட்சரோ 8 மைக்ரானில் 2 ஆர்க்செகண்ட். எல்லாப் படத்தையும் மிக மங்கலான படத்தின் அளவுக்கு மழுக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். மழுக்காமல் ஒப்பிட்டால் மையத்தில் இல்லாத வெப்பமும் விளிம்பில் இல்லாத குளிரும் முளைக்கும். இரண்டு, பின்னணி. தொலை அகச்சிவப்பில் பால்வழித் தட்டு முழுவதும் ஒளிர்கிறது. பார்வைக்கோட்டில் உள்ள எல்லாத் தூசும் உங்கள் அளவில் சேர்ந்திருக்கும். சுற்றுப்புறத்தைக் கழித்தாக வேண்டும்.

விடை 10 முதல் 20 கெல்வின் வாக்கில், மையத்தில் குளிர்ந்தும் விளிம்பில் சற்று வெதுவெதுப்பாகவும் வந்தால் வழக்கமான இருண்ட மேகம்.

இப்போது உங்களிடம் ஒரே மேகத்துக்கு இரண்டு தூண் அடர்த்திகள் இருக்கின்றன. ஒன்று நிழலிலிருந்து, மற்றது விளக்கிலிருந்து. இரண்டும் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்குக்குள் இருந்தால் திருப்தியாகத் தூங்கலாம். நிழல் பெரிதாகவும் விளக்கு சிறிதாகவும் இருந்தால் மறுபடியும் அதே சந்தேகம், அங்கே மேகம் பாதி, ஓட்டை பாதியாக இருக்கலாம். விளக்கு மிகப் பெரிதாக இருந்தால் முன்னணியைக் குறைவாகக் கழித்திருக்கிறீர்கள், அல்லது மேகத்துக்குப் பின்னால் இன்னொரு மேகம் நிற்கிறது.

படி 8: எது விசித்திரம்?

வழக்கம் எது என்று தெரிந்தபின்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும். இப்போது செங்கலுக்குப் போகலாம்.

செங்கலின் எடை சுமார் 1,00,000 சூரியன்களுக்குக் கொஞ்சம் மேல். ஓரியனின் பெரிய மேகமும் ஏறக்குறைய அதே எடைதான், ஆனால் செங்கல் அதைவிடப் பல மடங்கு சிறிய இடத்துக்குள் திணிக்கப்பட்டிருக்கிறது. ஓரியனில் விண்மீன்கள் ஆயிரக்கணக்கில் பிறந்திருக்கின்றன. செங்கலில்? 24 மைக்ரானில் தேடிப் பாருங்கள், ஏறக்குறைய ஒன்றுமில்லை. அடர்த்தி இருந்தால் விண்மீன் பிறக்கும் என்ற பாடத்துக்கு நேர் எதிர்ச்சாட்சி. உள்ளே வாயு மிக வேகமாகக் கொந்தளிக்கிறது என்பதை ரேடியோ கோடுகளின் அகலம் காட்டுகிறது. பால்வழி மையத்தைச் சுற்றிவரும்போது ஏற்படும் இழுவை அந்தக் கொந்தளிப்பை ஊட்டி, வாயு சுருங்கவிடாமல் தடுக்கிறது என்பது ஒரு முக்கிய விளக்கம். தூசு சுமார் 20 கெல்வினில் இருக்க, வாயு அதைவிடப் பல மடங்கு சூடாக இருக்கிறது. சாதாரண அடர்ந்த மேகத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும்.

அப்புறம் 2023-இல் ஜேம்ஸ் வெப். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆடம் கின்ஸ்பர்க் குழு செங்கலுக்குப் பின்னாலிருக்கும் விண்மீன்களின் நிறத்தைப் பார்த்தது. தூசு விண்மீன்களைச் சிவக்க வைக்கும் என்றுதானே படி 1-இல் சொன்னோம்? இங்கே 4.1, 4.66 மைக்ரான் வடிகட்டிகளை ஒப்பிட்டால் விண்மீன்கள் நீலமாகத் தெரிந்தன. காரணம், 4.67 மைக்ரானில் கார்பன் மோனாக்சைடு பனிக்கட்டி ஒளியை விழுங்குகிறது. தூசுத் துகள்களின் மேல் அந்தப் பனி கனமாகப் படிந்திருக்கிறது. இவ்வளவு சூடான வாயு நடுவே இவ்வளவு பனியை யாரும் எதிர்பார்க்கவில்லை. கார்பன் மோனாக்சைடு வாயுவை மட்டும் அளந்து எடை போடுபவர்களுக்கு இது தலைவலிதான். பனியாக உறைந்தது கணக்கில் வராது.

நிறம் தப்பாக வருவதுதான் விசித்திரத்தின் முதல் அடையாளம். இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடர்ந்த மேகம் ஒன்று 8 மைக்ரானில் கறுப்பாகவும் 3.6 மைக்ரானில் மெல்ல ஒளிர்ந்தும் தெரிந்தால், அங்கே தூசு வளர்ந்திருக்கிறது. ஒரு மைக்ரான் அளவுக்குப் பெருத்த துகள்கள்தான் 3.6 மைக்ரான் ஒளியை அப்படிச் சிதறடிக்கும். 4.5 மைக்ரானில் மட்டும் பச்சை வால்போல் நீண்டு தெரிந்தால், கரு விண்மீன் ஒன்றிலிருந்து பீறிடும் வாயு ஹைட்ரஜனை மோதி ஒளிரச் செய்கிறது. மஞ்சள் உருண்டைகள் வேறு. ஸ்பிட்சர் படங்களில் கனமான விண்மீன்கள் வாயுவில் ஊதிய குமிழிகளைக் குறிக்கச் சொன்னபோது, பொதுமக்களாகிய ஆர்வலர்கள் யாரும் கேட்காமலேயே இந்த உருண்டைகளைச் சுட்டிக்காட்டினார்கள். 2015-இல் 900-க்கும் மேற்பட்டவை பட்டியலாயின. 8 மைக்ரானுக்குப் பச்சை, 24-க்குச் சிவப்பு கொடுத்த படத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்ததால் மஞ்சள். குமிழியாக ஊதிப் பெருப்பதற்கு முந்தைய பருவத்திலுள்ள கனமான விண்மீன்களின் தொட்டில்கள்.

கவனித்தீர்களா, முதலில் சொன்ன பச்சை 4.5 மைக்ரான், அடுத்தது 8. நிறங்களைக் கொடுத்தவர் யார், எந்த அலைநீளத்துக்கு எந்த நிறம் என்று பார்க்காமல் பச்சையாக இருக்கிறது என்று நோட்டில் எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

படி 9: கண்டுபிடிப்பு என்று குதிப்பதற்குமுன்

பிரகாசமான விண்மீனுக்குப் பக்கத்தில் உள்ள எந்த விசித்திரத்தையும் நம்பாதீர்கள். உணர்கருவி திணறினால் கோடுகளும் வளையங்களும் கறுப்புத் தழும்புகளும் விழும். வேறொரு தொலைநோக்கியின் படத்தில் அதே இடத்தில் அதே வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வானத்தில் இல்லை, கருவியில் இருக்கிறது. பிறகு அறியப்பட்ட வான்பொருட்களைத் தொகுத்து வைத்திருக்கும் சிம்பாட் தரவுத்தளத்தில் ஆயத்தைக் கொடுத்து, ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டார்களா என்று தேடுங்கள். பத்தில் ஒன்பது முறை வைத்திருப்பார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு ஒப்பிட வாய்ப்பு.

கைக்கு வந்திருக்கும் புதிய தரவு நாசாவின் ஸ்ஃபெரெக்ஸ் விண்வெளித் தொலைநோக்கி தருவது. மார்ச் 2025-இல் ஏவினார்கள். 0.75 முதல் 5 மைக்ரான் வரை வானம் முழுவதையும் 102 நிறங்களில் எடுக்கிறது; படங்கள் இர்சாவில் தொடர்ந்து வெளியாகின்றன. நீர், கார்பன் டையாக்சைடு, கார்பன் மோனாக்சைடு மூன்றின் பனிக்கோடுகளும் அந்த வரம்புக்குள் வருகின்றன. கூர்மை குறைவு, ஒரு பிக்சல் 6 ஆர்க்செகண்டுக்கு மேல். ஆனால் செங்கலில் ஜேம்ஸ் வெப் கண்ட பனி மற்ற மேகங்களில் எப்படி என்று பின்னணி விண்மீன்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இப்போது இல்லை.

ஒவ்வொரு திட்டுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: ஆயம், மூன்று எண்கள், முன்னணியை எப்படி எடுத்தீர்கள், தூரம் எங்கிருந்து வந்தது, 250 மைக்ரானில் என்ன தெரிந்தது. என் நோட்டின் கடைசிப் பக்கங்களுக்கு ஓட்டைகள் என்று தலைப்பிட்டிருக்கிறேன். இதுவரை நான்கு பதிவுகள். அதில் இரண்டுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறது.